வெள்ளிமேட்டின் மக்கள்தொகை

ஹெப்பகோடி
21 நவம்பர் 2025

சுந்தரம் அவர்களுக்கு,

எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும், போனில் பேசி வம்பை வளர்க்காதீர்கள் என்று உங்கள் வக்கீலும் என் வக்கீலும் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இந்த மெயில். சனி ஞாயிறு தர்ஷினி என்னிடம் வர வேண்டும் என்பது கோர்ட்டில் நீங்களே ஒத்துக்கொண்டது. தீபாவளிக்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போன் செய்தால், "படிக்கணும்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாள். பெற்ற அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேச முடியாத அளவுக்கு அங்கே அப்படி என்ன நடக்கிறது?

இன்னொரு விஷயம். கடைசியாக வந்தபோது, தான் ஆடும் விளையாட்டை என் லேப்டாப்பில் திறந்துவைத்தபடியே போய்விட்டாள். உங்களுக்குத் தெரிந்திருக்காது, அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். இணையத்தில் ஆளாளுக்கு ஒரு நாட்டை உருவாக்கி ஆள வேண்டும். தினமும் ஒரு பிரச்சினை வரும். வரியை ஏற்றலாமா, எல்லையைத் திறக்கலாமா, இப்படி. எடுக்கிற முடிவுக்கு ஏற்ப நாட்டின் புள்ளிவிவரம் மாறும். உலகம் முழுக்க ஆடுகிறவர்களின் நாடுகளோடு ஒப்பிட்டுத் தரவரிசை போடுவார்கள். அந்தப் பக்கத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நம் பெண்ணின் நாட்டுக்கு வெள்ளிமேடு என்று பெயர். மக்கள் மகிழ்ச்சியில் அது மளமளவென்று மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. குற்றம் குறைந்த நாடுகளின் பட்டியலிலும் உச்சியில் இருக்கிறது. ஆனால் மக்கள்தொகை மட்டும் நாளுக்கு நாள் தேய்கிறது. போர் இல்லை, பஞ்சம் இல்லை, நோய் இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருக்கிற ஊரில் ஆட்கள் ஏன் குறைகிறார்கள்? விளையாட்டுதானே என்று நீங்கள் சிரிப்பீர்கள். நான் ராத்திரியெல்லாம் முழித்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவளைக் கூப்பிட்டுக் கேட்டுச் சொல்லுங்கள்.

வீணா


அடுகோடி
23 நவம்பர் 2025

வீணா,

"அங்கே என்ன நடக்கிறது" என்று இன்ஸ்பெக்டர் மாதிரி கேட்டிருக்கிறாய். காலையில் இட்லி நடக்கிறது, சாயங்காலம் டியூஷன் நடக்கிறது, ராத்திரி சப்பாத்தி நடக்கிறது. வேறொன்றும் இல்லை. அவளை உன்னிடம் போகாதே என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. இரண்டாம் பியூசியில் பப்ளிக் பரீட்சைக்குப் படிக்கிற பெண், அவளுக்கே போகத் தோன்றவில்லை என்றால் நான் என்ன செய்யட்டும்?

உன் புதிருக்கு வருகிறேன். இதற்கா ராத்திரியெல்லாம் முழித்திருக்கிறாய்? எங்கள் பட்டறையில் முன்பு பெர்னார்ட் என்று ஒரு சூப்பர்வைசர் இருந்தான். அவன் ஷிஃப்டில் மட்டும் ரிஜெக்ஷனே வராது. முதலாளி அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார். பிறகுதான் தெரிந்தது, சரியில்லாத பீஸை எல்லாம் என் இன்ஸ்பெக்ஷன் மேஜைக்கு வருவதற்கு முன்பே ஸ்கிராப்பில் தள்ளிவிடுவான். மேஜைக்கு வந்ததெல்லாம் நல்ல பீஸ். வெள்ளிமேட்டிலும் அதே கதைதான். எல்லையைத் திறந்துவைத்திருக்கிறாள். மனம் நொந்தவர்கள் முதலில் வெளியேறுகிறார்கள். மிச்சம் இருப்பவர்களைக் கணக்கெடுத்தால் சராசரி மகிழ்ச்சி ஏறத்தானே செய்யும்? அவ்வளவுதான் சூட்சுமம்.

உனக்கு இன்னொரு சந்தோஷச் செய்தி. பெண்ணுக்கு ஒழுங்கு வந்துவிட்டது. உன்னிடம் வளர்ந்தபோது உடைந்த ஹேர்கிளிப்பைக்கூடத் தூக்கிப் போட விடமாட்டாள். இப்போது அலமாரியில் பாதியைக் காலி செய்துவிட்டாள். நல்ல துணி, கதைப் புத்தகம், அந்தப் பெரிய கலர் பென்சில் பெட்டி, எல்லாவற்றையும் கீழ்வீட்டு கேத்தரின் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். அழுகை இல்லை, சண்டை இல்லை, ஒரு குறை சொல்வதில்லை. இந்த வீடும் வெள்ளிமேடு மாதிரிதான், குற்றமே கிடையாது.

சுந்தரம்


ஹெப்பகோடி
4 டிசம்பர் 2025

சுந்தரம் அவர்களுக்கு,

உங்கள் பட்டறைக் கதைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. கலர் பென்சில் பெட்டியைக் கொடுத்துவிட்டாளா? அதைத் தொட்டதற்காக என் அண்ணன் மகனைக் கடித்தவள் அவள். அதைக் கொடுத்தது உங்களுக்கு ஒழுங்காகத் தெரிகிறது. என்னவோ, உங்கள் கண் அப்படி.

நீங்கள் ஒரு புதிரை விடுவித்தீர்கள், நான் இன்னொன்றை விடுவிக்கிறேன். எங்கள் ஆபீஸில் ஒருமுறை, வாடிக்கையாளர் புகார் கொடுக்கும் பட்டனை ஆப்பில் எங்கோ உள்ளே தள்ளி ஒளித்துவைத்தார்கள். அந்த மாதமே திருப்திக் குறியீடு எகிறியது. கேக் வெட்டிக் கொண்டாடினோம், நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன். வெள்ளிமேட்டின் பழைய முடிவுகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன். அவள் போலீஸ் ஸ்டேஷன்களை வரிசையாக மூடிக்கொண்டே வந்திருக்கிறாள். அங்கே குற்றம் நடக்காமல் இல்லை, போய்ச் சொல்ல இடம் இல்லை. பெண் ஒரு குறை சொல்வதில்லை என்று மார் தட்டியிருக்கிறீர்களே, அவள் சொல்ல ஒரு இடம் வைத்திருக்கிறீர்களா?

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. அவள் நாட்டுக்கு மேற்கே கருங்கோட்டை என்று ஒரு நாடு. அதை ஆள்பவன் தன்னை மதுரையில் இன்ஜினியரிங் படிக்கும் மாணவன் என்கிறான். அவள் நாட்டுப் பக்கத்தில் இருக்கிற அறிவிப்புப் பலகையில் வந்து தினமும் ஏதாவது கேட்கிறான். "வகுப்பில் யாரோடு அதிகம் பேசுவாய்?" "வீட்டில் சொல்லாத விஷயம் ஏதாவது உண்டா?" "உன் அம்மாவைப் பற்றி என்ன நினைக்கிறாய்?" படிக்கிற பையன் கேட்கிற கேள்வியா இது? யாரோ வயதான ஆள், சின்னப் பெண்ணின் வாயைக் கிளறுகிறான். அவன் யார் என்று கண்டுபிடியுங்கள். ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறீர்கள், இதையாவது செய்யுங்கள்.

வீணா


அடுகோடி
7 டிசம்பர் 2025

வீணா,

கருங்கோட்டையைப் பற்றிப் பதற வேண்டாம். நானும் போய்ப் பார்த்தேன். எனக்கு அது நல்ல குடும்பத்துப் பையன் மாதிரிதான் தெரிகிறது. வரி விகிதத்தில் இவள் செய்த கணக்குத் தவறைக்கூட அழகாகத் திருத்தியிருக்கிறான். கெட்டிக்காரன். அந்த நாட்டின் தரவரிசையும் கிடுகிடுவென்று ஏறிக்கொண்டிருக்கிறது, நிர்வாகம் தெரிந்த ஆள்.

நீ பயப்பட வேண்டியது கிழக்கே இருக்கிற நாட்டைப் பார்த்து. நீலவாசல் என்று பெயர். சேலத்தில் பிளஸ் டூ படிக்கிற பெண்ணாம். யார் நம்புவார்கள்? நாள் தவறாமல் வெள்ளிமேட்டுக்குத் தானிய உதவி அனுப்புகிறாள். இவள் கேட்கவே இல்லை. கூடவே, "என் எல்லை உனக்கு எப்போதும் திறந்திருக்கும், அங்கே பிடிக்கவில்லை என்றால் வந்துவிடு, யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்று ஒரு குறிப்பு. பெண்பிள்ளைகளை ஆசை காட்டி வரவழைக்கிற கூட்டம் இப்படித்தான் எழுதும் என்று பேப்பரில் எத்தனை முறை படித்திருக்கிறோம்.

நீ கேட்டதற்காக அவளிடம் பேச உட்கார்ந்தேன். "நல்லாத்தான்பா இருக்கேன்" என்றாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் நேற்று வீட்டு ஓனர் மஞ்சுநாத் மாடிப்படியில் என்னை நிறுத்தினார். "என்ன சாரே, பொண்ணு இருக்கற சத்தமே இல்ல. ஊட்டா ஆய்தா, சாப்பிட்டாச்சான்னு கேட்டா தலைய மட்டும் ஆட்டுது" என்றார். அதிலிருந்து எனக்கும் மனசு ஒரு நிலையில் இல்லை. இதை உனக்கு எழுதியிருக்கக் கூடாது, உன் வக்கீலுக்குத் தீனி. எழுதிவிட்டேன்.

சுந்தரம்


ஹெப்பகோடி
19 டிசம்பர் 2025

சுந்தரம் அவர்களுக்கு,

நீலவாசலை விடுங்கள். பாவம், யாரோ ஒரு பெண் அக்கறையாக நாலு வரி எழுதுகிறாள், அதில் உங்களுக்குக் கூட்டம் தெரிகிறது. கருங்கோட்டைக்கு நீங்கள் பாடுகிற பாட்டுதான் எனக்கு விளங்கவில்லை. உங்களை நம்பிப் பயனில்லை என்று விளையாட்டின் நடுவர்களுக்கு நானே புகார் எழுதிவிட்டேன். வயதை மறைத்துச் சிறுமியிடம் பழகுகிற ஆள் என்று அவன் எழுதிய வரிகளை எல்லாம் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். நிரூபணமானால் நாட்டையே அழித்துவிடுவார்களாம்.

வெள்ளிமேட்டைப் பார்த்தீர்களா? நகரங்கள் எல்லாம் காலி. இப்போது ஒரு கிராமத்து ஜனம்தான் இருக்கும். மகிழ்ச்சியில் உலகத்திலேயே முதலிடம். எல்லா நாட்டுக்காரர்களும் வந்து பூங்கொத்து வைத்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது வாழ்த்துச் சொல்ல வந்த கூட்டமாகத் தெரியவில்லை.

நேற்று அவளே போன் செய்தாள். தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன். "உன் நாட்டு ஆளுங்க எல்லாம் எங்கடி போறாங்க?" "போக வேண்டிய எடத்துக்குத்தாம்மா போறாங்க" என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

வீணா


அடுகோடி
2 ஜனவரி 2026

வீணா,

புத்தாண்டுப் பரிசு வந்து சேர்ந்தது. கருங்கோட்டையை அழித்துவிட்டார்கள். உனக்குத் திருப்திதானே? அந்தக் கருங்கோட்டை நான்தான்.

ஆமாம், நான்தான். வீட்டில் "ம்", "சரி" என்பதைத் தாண்டி வாயைத் திறக்காத பெண் அங்கே பத்து வரி எழுதுகிறாளே என்று ஆசையில் போய் உட்கார்ந்தேன். மாணவன் என்று பொய் சொன்னேன். உண்மையைச் சொன்னால், மகளை வேவு பார்க்கிற அப்பன் என்று உன் வக்கீல் கோர்ட்டில் படித்துக் காட்டுவார் என்று மறைத்தேன். வயதான ஆள் வாயைக் கிளறுகிறான் என்று நீ எழுதியபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அதோடு அந்த நாட்டை நான் நன்றாக ஆண்டேன், வீணா. பட்டறையில் என்னை யாரும் சூப்பர்வைசராக்கக்கூட நினைத்ததில்லை. அங்கே நாள்தோறும் என் மக்கள்தொகை பெருகியது. எங்கிருந்தோ ஜனம் வந்துகொண்டே இருந்தது. என் ஆட்சியை நம்பித்தான் வருகிறார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். எல்லாம் போயிற்று.

ஒரே ஆறுதல், நானும் நீலவாசல் மீது புகார் கொடுத்திருந்தேன். அதையும் அதே நாளில் தூக்கிவிட்டார்கள். அந்தச் சனியனாவது ஒழிந்தது.

சுந்தரம்


ஹெப்பகோடி
3 ஜனவரி 2026

சுந்தரம்,

அந்தச் சனியன் நான்தான்.

நீங்கள் மறைத்த அதே காரணத்துக்காகத்தான் நானும் மறைத்தேன். "வந்துவிடு, யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்று எழுதியது என் வீட்டுக்கு வா என்ற அர்த்தத்தில். அதை நீங்கள் படித்த கண்ணோடு படித்தால் நானே புகார் கொடுத்திருப்பேன். நம் இருவரையும் நாமே காட்டிக்கொடுத்துக்கொண்டோம்.

இப்போது சொல்லப் போவதை நிதானமாகப் படியுங்கள். என் நாட்டிலும் ஜனம் பெருகிக்கொண்டே இருந்தது. நானும் உங்களைப் போலவே என் நிர்வாகத் திறமை என்று பூரித்தேன், ஆபீஸில் சௌம்யாவிடம்கூடப் பீற்றிக்கொண்டேன். நேற்று வெள்ளிமேட்டின் பழைய மக்கள்தொகை வரைபடங்களை, நான் எடுத்துவைத்திருந்த என் நாட்டுப் படங்களோடு ஒப்பிட்டேன். அவளிடம் ஒரு நாளில் குறைந்ததில் சரிபாதி என்னிடம் கூடியிருக்கிறது. எல்லா நாளும் அப்படித்தான். இன்னொரு பாதி எங்கே போயிற்று என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மனம் நொந்தவர்கள் தாமாகப் போனார்கள் என்றீர்கள். இல்லை. அவள் அனுப்பிவைத்திருக்கிறாள். நாம் யார் என்று அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கும். சேலத்துப் பெண் எவளாவது, தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்று கேட்பாளா? அம்மா வேண்டுமா, அப்பா வேண்டுமா என்று கோர்ட்டில் கேட்டபோது அவள் வாயே திறக்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா? பதிலை இங்கே எழுதியிருக்கிறாள். உங்களுக்குப் பாதி, எனக்குப் பாதி, தனக்கு ஒன்றும் இல்லை. அவ்வளவு ஜனத்தையும் நாம் புகார் கொடுத்து ஒரே நாளில் அழித்திருக்கிறோம்.

இன்று அவள் பலகையில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. "எல்லைக் காவல் இனித் தேவையில்லை." எனக்குப் பயமாக இருக்கிறது. வக்கீல்கள் கிடக்கட்டும். என் நம்பரை பிளாக்கிலிருந்து எடுங்கள். அவளை உட்காரவைத்துப் பேசுங்கள். திட்டாமல் பேசுங்கள்.

வீணா


அடுகோடி
14 ஜனவரி 2026

வீணா,

பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உன் நம்பரை அன்றே பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் பெண்ணிடம் பேசத் தைரியம் வரவில்லை. தினமும் அவள் அறை வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவிடுவேன். நேற்று சாயங்காலம்தான் அவள் அறைக்குள் போய், கருங்கோட்டை நான்தான் என்றேன். சிரித்துவிட்டாள்.

"தெரியும்பா. இன்ஜினியரிங் படிக்கற பையன் எவனாவது 'உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்'னு எழுதுவானா? அம்மாவும் செம காமெடி."

ஏனம்மா எல்லோரையும் அனுப்பிவிட்டாய் என்று கேட்டேன். "சமமாத்தாம்பா குடுத்தேன். ஒருத்தர்கூட எக்ஸ்ட்ரா இல்ல. நீயே எண்ணிப் பாரு, நீதான் இன்ஸ்பெக்ஷன்ல இருக்கியே" என்றாள். பொங்கலுக்கு அம்மாவிடம் போய் ஞாயிறுவரை இருந்துவிட்டு வருகிறாயா என்று மட்டும் கேட்டேன். உடனே சரி என்றாள். இத்தனை மாதம் நாம் இழுத்த இழுப்புக்கு, அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

இன்று போகி இல்லையா, காலையிலிருந்தே அறையைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறாள். அலமாரியில் ஒரு துணி இல்லை, சுவரில் ஒரு படம் இல்லை, லாட்ஜ் ரூம் மாதிரி பளிச்சென்று இருக்கிறது. சாயங்காலம் நீ வாங்கிக் கொடுத்த பச்சைக் குர்த்தாவைப் போட்டுக்கொண்டு பையோடு கிளம்பினாள். பஸ் ஏற்றிவிட ஓசூர் ரோடுவரை வருகிறேன் என்றதற்கு, "வேணாம்பா, நானே போய்க்கறேன்" என்றாள். மொபைலைக்கூட மேஜை மேலேயே வைத்துவிட்டாள். அம்மா போன் இருக்கிறதே, இது எதற்கு என்றாள். படியிறங்கியவள் திரும்பி வந்து என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

இந்நேரம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நான் போன் செய்து தொந்தரவு செய்ய மாட்டேன். நாலு நாள் முழுசாக அவள் உன்னுடையவள். முதல்முறையாக நானே மனசார விட்டுக்கொடுத்திருக்கிறேன், வீணா. எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது தெரியுமா? அவளுக்குக் கரும்பு வாங்கிக் கொடு.

சுந்தரம்


ஹெப்பகோடி
19 ஜனவரி 2026, காலை

தர்ஷினி இங்கே வரவில்லை.

இப்போதுதான் ஆபீஸ் வந்து உங்கள் மெயிலைப் பார்க்கிறேன். பதிலே போடவில்லை என்ற கோபத்தில், பண்டிகை நாளில் உங்கள் பெயர் கண்ணில் படவே கூடாது என்று மெயிலைத் திறக்காமலே இருந்துவிட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் யாருடைய போனிலிருந்தோ என்னைக் கூப்பிட்டாள். "பொங்கல் அப்பாகூடத்தாம்மா. எக்ஸாம் முடியற வரைக்கும் போன் எடுக்க மாட்டேன், நீ தேடாத" என்றாள். பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது. உங்கள் வீட்டு டிவி என்று நினைத்தேன். "போ, எல்லாம் உங்க அப்பாவுக்கே" என்று நான்தான் கோபமாக வைத்தேன். அவள் வைக்கவில்லை.

அந்த நம்பருக்கு இப்போது அடித்தேன். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒக்கலிபுரத்தில் பூ விற்கிற அம்மா எடுத்தார்கள். பச்சைக் குர்த்தா போட்ட பெண், ஒரு நிமிடம் பேசிவிட்டுத் தருகிறேன் என்று வாங்கினாளாம். பேசி முடித்ததும் போனைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, ஸ்டேஷன் பக்கமாகப் போனாளாம். எந்த வண்டி என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

நாலு நாள் அவள் உங்களிடம் இருக்கிறாள் என்று நானும், என்னிடம் இருக்கிறாள் என்று நீங்களும் சும்மா இருந்திருக்கிறோம். நான் இப்போது போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறேன். உங்களுக்கு விடாமல் அடித்துக்கொண்டே இருக்கிறேன். பட்டறைச் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது.

ஏங்க, போனை எடுங்க.